உத்தியோக உயர்வு: சித்தூர் சீமையிலிருந்து ஒரு சரித்திரப் பாடம்

“எங்காத்துப் பிள்ளை வேலையில் கெட்டி. ஆனால் மேலதிகாரியிடம் தன்னைப் பற்றி எடுத்துச் சொல்ல மட்டும் தெரியாது.” நம் சங்கக் கூட்டங்களில் பெற்றோர்கள் இப்படி அங்கலாய்ப்பதைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். கணக்கு வருஷம் முடிந்து ‘செல்ஃப் அப்ரைசல்’ படிவம் கைக்கு வரும் சமயத்தில்தான் இந்தப் புலம்பல் அதிகமாகும். ஆத்ம ஸ்துதி கூடாது, தன் பெருமையைத் தானே பேசுவது தோஷம் என்று சொல்லித்தான் குழந்தைகளை வளர்த்தோம். இப்போது, “கடந்த ஆண்டில் நீங்கள் எவ்விதத்தில் வளர்ந்திருக்கிறீர்கள்? உங்கள் சாதனைகளை விவரிக்கவும்” என்று கம்பெனி கேட்கிறது. பிள்ளை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறான். பெண்ணும் அப்படியே.

இந்தச் சங்கடம் கம்ப்யூட்டரோடு வந்தது அல்ல. சம்பளத்துக்கு உத்தியோகம் பார்ப்பது என்று ஆரம்பித்த நாளிலிருந்தே இருப்பது. அடக்கத்தையும் விடாமல், வாய்மூடி இருந்தும் விடாமல், தங்கள் வளர்ச்சியை எஜமானர்களுக்கு நிரூபித்துக் காட்டிய சிலரைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரதய்யபாளையமும் புதிய உத்தியோகங்களும்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் சென்று, ஆந்திர எல்லை தாண்டியதும் மேற்கே திரும்பினால் சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதிகள் வருகின்றன. வெகுகாலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த வரதய்யபாளையம் மண்டலம், 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் எல்லைப்புற பூமி. 1960-ல் இரு மாநிலங்களுக்கும் இடையே எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. அந்தப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் நம் அங்கத்தினர்களில் சில உண்டு.

இந்த இரண்டு மண்டலங்களின் கிராமங்களுக்கு நடுவே 2008-ல் தொடங்கப்பட்டதுதான் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம். இசுசு வாகனத் தொழிற்சாலை, மாண்டலீஸ் சாக்லேட் தொழிற்சாலை முதலியன அங்கே இருக்கின்றன. ஐ.ஐ.ஐ.டி. ஒன்றும், கிரியா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஏரித் தண்ணீரையும் மழையையும் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்களும் இன்று யூனிஃபார்ம் அணிந்து ஷிஃப்ட் பஸ் ஏறுகிறார்கள். வேலை கிடைத்துவிட்டது. அடுத்த படி என்ன? ஆபரேட்டராகச் சேர்ந்தவர் சூப்பர்வைசராக ஆவதற்கு எதைக் காட்ட வேண்டும்? முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்கும் வீட்டில் இதைச் சொல்லித்தர யாரும் இருப்பதில்லை. சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன் இதே சித்தூர் சீமையில், கச்சேரி உத்தியோகத்துக்கு முதன்முதலாகப் போன குடும்பங்களின் நிலையும் இதுவே.

உமேதுவார் காலம்

கும்பெனி ஆட்சியில் உத்தியோகம் என்றால் கலெக்டர் கச்சேரி அல்லது கோர்ட்டு. பரீட்சை கிடையாது. வேலை வேண்டும் என்பவர், ‘உமேதுவார்’ என்ற பெயரில் சம்பளமில்லாமல் கச்சேரித் திண்ணையில் உட்கார்ந்து நகல் எழுதிக்கொடுத்துக் காத்திருப்பார். சிரஸ்தேதார் தயவு இருந்தால் காலி இடம் வரும்போது பெயர் மேலே போகும். துரை ஊர் மாற்றலாகிப் போகும்போது ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். “இவர் நாணயஸ்தர், சுறுசுறுப்பானவர்” என்ற நாலு வரி. அதைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு.

இந்த முறையில் பெரிய குறை ஒன்று இருந்தது. கடிதம் சொன்னது துரைக்கு அந்த மனிதரிடம் இருந்த பிரியத்தை. அவருக்கு என்ன தெரியும் என்பதை அல்ல. மேலும், கச்சேரிக்குள் இருப்பவர் தம் மாப்பிள்ளையையும் மைத்துனரையும் உள்ளே கொண்டுவருவது சர்வசாதாரணமாக இருந்தது. இது முற்றிப்போய், 1854-ல் சென்னை ரெவினியூ போர்டு ஒரு நிரந்தர உத்தரவே போட்டது. மாவட்ட உத்தியோகங்கள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் ஏகபோகமாகிவிடாமல் கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமான இடங்களைப் பல ஜாதியாருக்கும் பங்கிட முயல வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஏகபோகத்தில் நம்மவர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சரித்திரம் எழுதும்போது நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சரித்திரம் ஆகாது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அடுத்து வருபவரின் அருமை விளங்கும்.

சித்தூர் ரங்கநாத சாஸ்திரிகள்

கலமூர் வீரவல்லி ரங்கநாத சாஸ்திரிகள் 1819-ல் சித்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் ஸம்ஸ்கிருத பண்டிதர், ஏழை. நிலத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்ட முடியாமல் அவரைச் சிறையில் வைத்துவிட்டார்கள். வீட்டில் சிரார்த்தம் வருகிறது. கர்த்தா சிறையில் இருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன் நேரே ஜில்லா ஜட்ஜ் காசமேஜர் துரையிடம் போய், “சிரார்த்தம் முடியும்வரை அப்பாவை விடுங்கள்” என்று கேட்டான். ஜாமீன் யார் என்று துரை கேட்டபோது, “நானே இருக்கிறேன்” என்றான். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் சம்பவம் இது. துரை மனமிரங்கித் தகப்பனாரை விடுவித்ததோடு, பையன் ஆங்கிலம் படிக்கவும் ஏற்பாடு செய்தார்.

இதுவரை இது ஒரு துரையின் தயவுக் கதை. அந்தத் தயவை மட்டும் வைத்துக்கொண்டு சித்தூர் கோர்ட்டில் ஒரு சிறு உத்தியோகத்தில் அவர் ஆயுளைக் கழித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சென்னைக்கு வந்து பிஷப் காரி பள்ளியில் படித்தார். பின்னாளில் பிரஸிடென்ஸி காலேஜாக வளர்ந்த ஹைஸ்கூலில் சேர்ந்து, பவல் துரையிடம் பயின்று, 1842-ல் ‘புரொஃபிஷியண்ட்’ பட்டத்துக்கான பரீட்சையில் தேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்படுவதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முந்தைய விஷயம் இது.

பிறகு சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி வேலை. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் பாசாங்கு செல்லாது. சாட்சி ஒரு பாஷையில் பேசுகிறார், ஜட்ஜுக்கு வேறு பாஷையில் சொல்ல வேண்டும். சுற்றிலும் இரு பாஷையும் தெரிந்த வக்கீல்கள். தப்பு செய்தால் அந்த க்ஷணமே தெரிந்துவிடும். சாஸ்திரிகள் அந்த இடத்துக்குப் போட்டிப் பரீட்சை மூலம் வந்தார். உத்தியோகம் கிடைத்த பிறகும் படிப்பை நிறுத்தவில்லை. தென்னாட்டு பாஷைகளோடு பாரஸீகம், அரபி, பிறகு ஐரோப்பிய பாஷைகள் என்று வரிசையாகக் கற்றுக்கொண்டே போனார். பாஷை ஒவ்வொன்றும் கோர்ட்டின் நடுவே பரீட்சிக்கப்பட்ட சரக்கு. அவருக்காக யாரும் பேச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. 1859-ல் சென்னை ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் நீதிபதியாக நியமிக்கப்பட்டு 1880 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1877-ல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினரானார். 1881-ல் காலமானார்.

என்னைப் பொறுத்தவரை, அவர் கற்ற பாஷைகளின் எண்ணிக்கையைவிட அவற்றை எங்கே, யார் முன்னிலையில் காட்டினார் என்பதே முக்கியம். வேலை செய்யும் இடத்திலேயே, சம்பளம் கொடுப்பவரே சரிபார்த்துக்கொள்ளும்படி காட்டினார்.

ஒரு ரூபாய் சம்பளத்திலிருந்து ஹைகோர்ட்டு வரை

தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் 1832-ல் பிறந்த முத்துசாமி ஐயர் கதை நம்மில் பலர் வீட்டில் சொல்லிக் கேட்டதுதான். கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் ஆரம்பித்தவர். ஒருநாள் வெள்ளத்தில் கரை உடைந்த செய்தி வந்தபோது, குமாஸ்தாக்கள் யாரும் இல்லாததால் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் இந்தச் சிறுவனை அனுப்பி விவரம் கேட்டார். பையன் சேத விவரங்களை ஒன்றுவிடாமல் கொண்டுவந்தான். பிறகு தலைமைக் குமாஸ்தாவும் அதையே உறுதிசெய்தார். அன்றிலிருந்து நாயக்கர் அவனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, நாகப்பட்டினத்திலும் பிறகு சென்னையிலும் படிக்க வைத்தார். ஒரு பிராமணச் சிறுவனின் திறமையைக் கண்டு தூக்கிவிட்டவர் ஒரு நாயக்கர் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் நான் இங்கே சொல்ல விரும்புவது, அவ்வளவாகப் பேசப்படாத பிற்பகுதியை. முத்துசாமி ஐயர் 1854-ல் எல்ஃபின்ஸ்டன் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு பெற்றார். பிளீடர் பரீட்சையில் முதலாவதாகத் தேறித் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டெபுடி கலெக்டர், மங்களூரில் சப்-ஜட்ஜ் என்று உயர்ந்து, 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்டிரேட் ஆனார். நல்ல சம்பளம், கௌரவமான பதவி. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. குடும்பஸ்தர். அந்த நிலையில், பகலில் வழக்கு விசாரித்துக்கொண்டே, பிள்ளைகளோடு பிள்ளையாகப் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எல். பரீட்சையை எழுதித் தேறினார். அதுவரை சட்டத்தை அனுபவத்தால் அறிந்தவர். இனி சட்டம் படித்தவரும் ஆனார். தமக்குக் கீழே வரப்போகும் புதுப் பட்டதாரிகள் கேட்கக்கூடிய கேள்விக்கு, அவர்கள் கேட்கும் முன்பே பதில் தயாரித்துவிட்டார் என்று சொல்லலாம். பிறகு ரங்கநாத சாஸ்திரிகள் இருந்த அதே ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் நீதிபதியானார். அதன்பின் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி ஆனார்.

அந்த நியமனத்தை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்குப் பதில் சொல்ல இந்தியர் கையில் பத்திரிகை இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் 1878 செப்டம்பர் 20 அன்று ஆறு இளைஞர்கள் சேர்ந்து ‘தி ஹிந்து’வை ஆரம்பித்தார்கள். ஒரு மனிதரின் பதவி உயர்வு நியாயமானது என்று வாதாடப் பிறந்த பத்திரிகை அது! அவர்கள் வாதாட முடிந்ததற்குக் காரணம், எடுத்துக்காட்ட அவரிடம் வரிசையாகத் தேறிய பரீட்சைகளும் ஒவ்வொரு படியிலும் செய்த வேலையும் இருந்தன. 1893-ல் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் அவர் அமர்ந்தார். ஹைகோர்ட்டுக்குள் இன்றும் அவர் சிலை இருக்கிறது.

பட்டம் இல்லாதவர் என்ன செய்வார்?

“பரீட்சை தேறியவர்கள் கதை சரி. பரீட்சையில் தோற்றவன் கதி?” என்று இளைஞர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை கும்பகோணத்து ராமானுஜன்.

கணித மேதை என்று இன்று உலகம் கொண்டாடும் அவர், எஃப்.ஏ. தேறாதவர். கும்பகோணம் காலேஜிலும் பச்சையப்பன் காலேஜிலும் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டை விட்டார். கையில் பட்டம் இல்லை. கலியாணமாகி வேலை தேட வேண்டிய நிர்ப்பந்தம். 1910-ல் அவர் திருக்கோயிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைப் பார்த்து, தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமஸ்வாமி ஐயர் 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் விண்ணப்பத்தோடு கூடவே தம் கணக்கு நோட்டுகளையும் கொடுத்தார். அதைப் புரட்டிப் பார்த்த ராமஸ்வாமி ஐயர், இந்த அறிவை ரெவினியூ இலாகாவின் அடிமட்டத்தில் போட்டு நசுக்க மனம் வரவில்லை என்று வேலையைத் தராமல், கணிதம் அறிந்தவர்களிடம் அனுப்பினார்.

அங்கிருந்து நோட்டு வடக்கே பயணப்பட்டது. நெல்லூரில் அப்போது கலெக்டராக இருந்தவர் ஆர். ராமச்சந்திர ராவ். கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர். வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே சூளூர்ப்பேட்டை வழியாகத்தான் அன்றும் இன்றும் நெல்லூருக்கு ரயில் போகிறது. அதே மார்க்கத்தில் ராமானுஜன் நோட்டை இடுக்கிக்கொண்டு போனார். ராவ் முதலில் புரிபடாமல் திகைத்தார். எளிய சூத்திரங்களில் ஆரம்பித்துப் படிப்படியாக ராமானுஜன் விளக்கவே, கடைசியில் மனம் மாறினார். மாதாமாதம் பணம் கொடுத்து உதவினார்.

1911-ல் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் ராமானுஜனின் முதல் கட்டுரை அச்சாயிற்று. 1912 பிப்ரவரி 9 தேதியிட்டு சென்னைத் துறைமுகத்தின் தலைமைக் கணக்கருக்கு வேலை கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம் புகழ்பெற்றது. அதில் எஃப்.ஏ. வரை படித்ததையும், சில சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியாமல் போனதையும் ஒளிக்காமல் சொல்கிறார். நேரம் முழுவதையும் கணிதத்தை வளர்ப்பதில் செலவிட்டு வருவதாகச் சொல்கிறார். வேலை கொடுத்தால் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைச் சொல்கிறார். கூடவே பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை மிகை இல்லை. மார்ச் 1-ம் தேதி மாதம் 30 ரூபாயில் வேலை கிடைத்தது.

துறைமுகத்தில் எஸ். நாராயண ஐயர் என்ற அதிகாரி கணிதம் அறிந்தவராக அமைந்தது பாக்கியம். அவரும் சேர்மன் ஸர் ஃப்ரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் குமாஸ்தாவின் நோட்டை மதித்தார்கள். கேம்பிரிட்ஜில் ஏற்கெனவே இரண்டு பேராசிரியர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட பிறகும் ராமானுஜன் சோர்ந்துவிடவில்லை. 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதினார். தாம் துறைமுகத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் குமாஸ்தா என்று தொடங்கி, பக்கம் பக்கமாகத் தம் தேற்றங்களை வைத்தார். அதே வருஷம் மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914-ல் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார்.

நாலு பேரிடம் போனார், சிலர் கைவிரித்தார்கள், அவர் நோட்டை மூடவில்லை. தம் பெருமை பேசாதவர் என்பதற்காக அவர் மௌனமாக வீட்டில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. அடக்கம் வேறு, ஒளிந்துகொள்வது வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராமஸ்வாமி ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர் ஆகியோர் ராமானுஜன் அணுகக்கூடியவர்களாக இருந்ததற்குச் சமூக உறவும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் அப்படிக் கதவு திறக்க ஆளில்லாத எத்தனையோ பிள்ளைகளின் நோட்டுகள் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். 1929-ல் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டதும், எல்லோருக்கும் பொதுவான பரீட்சைகள் வந்ததும் அந்தக் கதவைப் பலருக்கும் அகலத் திறக்கத்தான். திறமையை நிரூபிக்க வாய்ப்பு வேண்டும் என்று நாம் இன்று கேட்பது, அன்று மற்றவர்கள் கேட்டதேதான்.

டைப்ரைட்டிங் ஹையரிலிருந்து கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் வரை

இனி நம் தகப்பனார், பாட்டனார் காலத்துக்கு வருவோம். மேதைகளை விட்டுவிட்டுச் சாதாரண மத்தியதரக் குடும்பங்களைப் பாருங்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர், ஷார்ட்ஹாண்டு, சர்க்கார் ஆபீசில் சேர்ந்ததும் அக்கவுண்ட் டெஸ்ட் முதலான இலாகா பரீட்சைகள், பாங்கில் சேர்ந்தவர்களுக்கு சி.ஏ.ஐ.ஐ.பி.; எஞ்சினீயரிங் காலேஜுக்குப் போக வசதியில்லாத டிப்ளமாக்காரர்களுக்கு ஏ.எம்.ஐ.இ.; ராத்திரி கண்விழித்து ஐ.சி.டபிள்யூ.ஏ. இப்படி உத்தியோகம் பார்த்துக்கொண்டே தேறிய பரீட்சைகள்தாம் ஒரு தலைமுறையையே கைதூக்கிவிட்டன. தேறினால் இன்கிரிமெண்ட், அல்லது பிரமோஷன் வரிசையில் இடம். ‘வளர்ந்திருக்கிறேன்’ என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு வரி ஏறும்.

பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் கடினம். அதில் நடந்து காட்டியவர் ஏ. லலிதா. சென்னையில் தெலுங்குக் குடும்பத்தில் 1919-ல் பிறந்து, பதினைந்து வயதில் கலியாணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் விதவையானவர். கிண்டி எஞ்சினீயரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் படித்து 1943-ல் தேறினார். நாட்டின் முதல் பெண் எஞ்சினீயர்களில் ஒருவர். கல்கத்தாவில் ஏ.இ.ஐ. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, 1953-ல் லண்டன் எலெக்ட்ரிகல் எஞ்சினீயர்கள் கழகத்தில் அசோஸியேட் அங்கத்தினராகவும், 1966-ல் முழு அங்கத்தினராகவும் ஆனார். தொழில்துறைக் கழகத்தின் அங்கத்தினர் பதவி என்பது அந்தத் துறையின் சக நிபுணர்கள் தரும் அங்கீகாரம். கம்பெனி முதலாளியால் அதை அலட்சியம் செய்ய முடியாது.

ஆனால் வேலைத் திறமையைப் பற்றிய இன்னொரு காகிதமும் இருந்தது. அது ஊழியர் கண்ணில் படாதது: கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட். மேலதிகாரி என்ன எழுதினார் என்பதே தெரியாமல் முப்பது வருஷம் உழைத்து ரிடையர் ஆனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ‘பாதகமான’ குறிப்பு இருந்தால் மட்டும் சொல்வார்கள். இதில் இருந்த அநியாயம் 2008 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டின் தேவ் தத் வழக்கில் வெளிவந்தது. எல்லைச் சாலை அமைப்பில் எஞ்சினீயராக இருந்த அவருக்கு ஒரு வருஷம் ‘குட்’ என்று எழுதியிருந்தார்கள். நல்ல வார்த்தைதானே! ஆனால் பிரமோஷனுக்கு ஐந்து வருஷமும் ‘வெரி குட்’ வேண்டும் என்பது விதி. அந்த ஒரு ‘குட்’ அவர் உயர்வைத் தடுத்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. நல்லதோ கெட்டதோ, எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அவர் ரிடையராகிவிட்டார். அதன்பின் மத்திய சர்க்கார் 2009-ல் உத்தரவிட்டு, ரிப்போர்ட் முழுவதையும் ஊழியருக்குக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது.

உமேதுவார் திண்ணையிலிருந்து இன்றுவரை நடந்திருப்பதை ஒரே வரியில் சொல்லலாம். நம் வளர்ச்சியைப் பற்றித் துரை எழுதினார். பிறகு பரீட்சை பேசியது. பிறகு மேலதிகாரி ரகசியமாக எழுதினார். இன்று நம்மையே எழுதச் சொல்கிறார்கள். இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. அதைச் சங்கோசத்தால் வெற்றிடமாக விட்டுவிடுவது சரியல்ல.

படிவத்தில் என்ன எழுதுவது?

இந்தச் சரித்திரத்திலிருந்து இன்றைய பிள்ளைகளுக்கு எனக்குத் தோன்றும் சில யோசனைகள்.

முதலாவது, ராமானுஜன் நோட்டைப் போல ஒரு நோட்டு. வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிஷம் போதும். செய்த வேலை, வந்த சிக்கல், தீர்த்த விதம், அதற்கு முன்னும் பின்னும் இருந்த நிலை ஆகியவற்றை எழுதி வைக்கலாம். ஸ்ரீசிட்டியில் பாக்கிங் லைனில் நிற்கும் பெண்ணாக இருந்தால், தன் ஷிஃப்டில் மெஷின் எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது, தான் சொன்ன யோசனைக்குப் பிறகு எவ்வளவு குறைந்தது என்று எழுதட்டும். “கடுமையாக உழைத்தேன்” என்று எழுதுவது ஆத்ம ஸ்துதி. “மாதம் எட்டு முறை நின்ற மெஷின் மூன்று முறையாகக் குறைந்தது” என்று எழுதுவது கணக்கு. கணக்கு எழுதுவதில் நம் பாட்டனார்கள் யாரும் வெட்கப்பட்டதில்லை.

இரண்டாவது, கற்றதை வேலையில் காட்டுவது. இன்று வீட்டிலிருந்தபடியே எத்தனையோ சர்டிஃபிகேட்டுகள் வாங்கலாம். பத்து சர்டிஃபிகேட்டை வரிசையாக அடுக்குவதைவிட, ஒன்றைக் கற்று எந்த வேலையில் பிரயோகித்தேன் என்று காட்டுவது மேல். ரங்கநாத சாஸ்திரிகளின் பாஷைகள் கோர்ட்டில் பேசின, பெட்டியில் தூங்கவில்லை.

மூன்றாவது, அறுதியிட்டுச் சொல்லக்கூடிய மூன்றாம் மனிதர். உங்கள் வேலையால் பயனடைந்த வேறு இலாகாக்காரர், வாடிக்கையாளர், தொழில்துறைக் கழகம் என்று ஒருவர் இருப்பது நல்லது. உறவுக்காரரின் சிபாரிசுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இவர் உங்கள் வேலையைப் பார்த்தவர்.

நான்காவது, இல்லாததை ஒளிக்காமல் இருப்பது. ராமானுஜன் எஃப்.ஏ. தேறாததை மறைக்கவில்லை. இன்று வேலை கொடுப்போர் பின்னணியைச் சரிபார்க்கிறார்கள். பொய்யாக ஒரு வருஷ அனுபவத்தைச் சேர்த்தால் உண்மையான ஒன்பது வருஷமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

காகிதமே இல்லாத கைத்தொழில்காரர்களையும் மறக்கக்கூடாது. நம்மிடையே வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கான பேருக்குத் தளிகை செய்யும் பரிசாரகர்கள் இருக்கிறார்கள். பெரிய ஓட்டலிலோ வெளிநாட்டிலோ வேலை என்று போனால் காட்ட ஒரு காகிதம் இல்லை. 2015-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் திறன் பயிற்சித் திட்டத்தில், ஏற்கெனவே அனுபவத்தால் பெற்ற திறமையைச் சோதித்துச் சான்று வழங்கும் பிரிவும் சேர்க்கப்பட்டது. அத்தகைய வாய்ப்புகளைக் கண்டறிந்து இவர்களுக்கு எடுத்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதித் தரவும் நம் ஊர்க்கிளைகள் முன்வரலாம்.

கடைசியாக, நம்மில் மேலதிகாரிகளாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டுபவன் ஒருவன் இருந்தால் போதாது; பார்ப்பவன் ஒருவன் வேண்டும். முத்துசாமி நாயக்கரும் ராமஸ்வாமி ஐயரும் தங்கள் முன் நின்ற பையனின் குலத்தையோ பட்டத்தையோ பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். உங்களுக்குக் கீழே வரதய்யபாளையத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, எந்த ஜாதியானாலும் சரி, குடும்பத்தில் முதன்முதலாக உத்தியோகத்துக்கு வந்த பிள்ளை ஒருவன் படிவத்தைத் தப்பும் தவறுமாகப் பூர்த்திசெய்து நீட்டலாம். ஆங்கிலம் சரியில்லை என்று தள்ளிவிடாமல், அவன் என்ன செய்திருக்கிறான் என்று ஐந்து நிமிஷம் கேளுங்கள். நம் முன்னோருக்கு யாரோ கொடுத்த அந்த ஐந்து நிமிஷத்தைத் திருப்பிக் கொடுக்க நமக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.